இங்கே ஒன்பதே கால், அங்கே நாலே முக்கால்

என் தம்பி முரளி என்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான். நான் பெட்டியின்மேல் உட்கார்ந்து, அவனைத் திட்டுவதற்கு வார்த்தைகளைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தேன். கையில் இரண்டு முழம் மல்லிகைப்பூவும் வாய் நிறையச் சிரிப்புமாக ஓடி வந்தவன், “அஞ்சு நிமிஷம் லேட் ஆயிடுச்சுக்கா” என்றான். ஒரு மணி நேரத்தை ஐந்து நிமிடம் என்று சொல்ல ஓர் ஊரே பழகியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். எட்டு வருடமாக நான் மல்லிகையை மோந்து பார்த்ததில்லை. திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் என்ற ஊரில். அதற்குத் தெற்கே ஒரு துண்டுக் கடல், ஒரு தீவு, அப்புறம் வெறும் பனிக்கட்டிதான். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் அன்பானவர்கள், ஆனால் கடிகாரத்துக்குப் பயப்படுகிறவர்கள். பல் டாக்டர் ஒன்பது பத்துக்கு வரச் சொன்னால் ஒன்பது பத்துக்கு நாம் வாயைத் திறந்திருக்க வேண்டும். சாப்பிட அழைத்த வீட்டுக்குச் சீக்கிரம் போய்விட்டால், தெரு முனையில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்து, சரியான நிமிடத்தில் மணியை அழுத்துவார்கள். நானும் அப்படியே ஆகிவிட்டேன். என் கணவர் சேகர் என்னை ‘டிங்டாங்’ என்று கூப்பிடுவது இதனால்தான்.

பெங்களூருக்கு வந்தது முரளியின் கல்யாணத்துக்கு. அவன் எனக்குப் பன்னிரண்டு வருடம் இளையவன். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு இன்வர்கார்கிலுக்கு வந்துவிட்டார். பிள்ளையின் கல்யாணத்துக்குப் போகப் பட்டு வேட்டியெல்லாம் எடுத்துப் பெட்டியில் வைத்தவருக்கு, இரண்டு மாதம் முன்னால் இதயத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இத்தனை நீண்ட விமானப் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தார். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். “வீடியோ கேசட் எப்ப வேணா வரும். எனக்கு அது வேணாம். அவன் தாலி கட்டற அந்த நிமிஷத்துல நான் கூட இருக்கணும். போன்ல மேளச் சத்தம் கேட்டாப் போதும்.”

அப்பா ஜோலார்பேட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் குத்துமதிப்பாக எதையும் சொல்ல முடியாது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. நான் ஒன்பதே காலுக்குத் தாலி என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க் கடிகாரம் இந்தியாவுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. “நமக்கும் மருமகளுக்கும் நடுவுல ஏழரையா? விளங்கினாப்பலதான்” என்று அப்பா சிரித்தார். கூட்டிப் பார்த்தால் அங்கே மாலை நாலே முக்கால். எங்கள் ஊரில் இருக்கிற நாலு தமிழ்க் குடும்பங்களும் ஒரு டாக்டர் நண்பர் வீட்டில் கூடுவது, அங்கேதான் ஸ்பீக்கர் போன் இருக்கிறது, சரியாக நாலே முக்காலுக்கு முரளியின் செல்போனுக்கு அவர்கள் கூப்பிடுவது என்று ஏற்பாடு. அப்பா ‘நாலே முக்கால், நாலே முக்கால்’ என்று மனப்பாடம் செய்துகொண்டார்.

முரளி ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தான். கைநீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையைத் தொடலாம். என் உடம்பு இன்னும் நியூசிலாந்திலேயே இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு இரவு பத்தரை. தட்டில் சோறு இருக்கும்போதே கண் செருகிவிடும். அதேபோல் இங்கே ஊர் அடங்கிக் கிடக்கும்போது எனக்கு விழிப்புத் தட்டி, பசி வயிற்றைக் கிள்ளும்.

இப்படிப் பசியோடு விடிகாலையில் இறங்கிப் போனதால்தான் தெரு முனை தர்ஷினி ஓட்டல் எனக்குக் கிடைத்தது. நின்றுகொண்டே சாப்பிடுகிற இடம். இட்லி சாம்பாரில் மிதந்தது, வடை சட்னியில் முங்கியது. எனக்குப் பக்கத்து மேஜையில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்ட ஒருவர் நின்றிருந்தார். எனக்கு அந்தக் காற்றில் வியர்த்துக்கொண்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மேடம், ஒன் பை டூ?” என்றார். புரியாமல் விழித்தேன். ஒரு காபி வாங்கி இரண்டு பேர் பாதிப் பாதியாகக் குடிப்பதாம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், விடிந்தும் விடியாததுமாக, பாதிக் காபி கேட்கிற ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? இன்வர்கார்கிலில் என் பக்கத்து வீட்டு மார்கரெட் எட்டு வருடமாக என் உயிர்த் தோழி. அவளிடம் இதைக் கேட்டால் என் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாள். நான் அந்தக் குல்லாக்காரரோடு பாதிக் காபி குடித்தேன். மறுநாளும் குடித்தேன். மூன்றாம் நாள் அவருக்காக ஐந்து நிமிடம் காத்திருந்தேன், இந்த ஊர் ஐந்து நிமிடம்.

முரளி வேலை பார்ப்பது பீன்யாவில், இயந்திரங்களுக்குப் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில். அவனுடைய மேனேஜருக்கு நேரில் பத்திரிகை வைக்கவேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஈஜிபுரா ஊரின் ஒரு முனை, பீன்யா மறுமுனை. நடுவில் பஸ் மாற வேண்டும். மாறிய பஸ் யஷ்வந்த்பூர் தாண்டியதும் ‘டொப்’ என்று சத்தம் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, டயரைப் பார்த்து, ஒரு உதை விட்டு, “ஐது நிமிஷ” என்று கன்னடத்தில் அறிவித்தார். அதாவது ஐந்து நிமிடம்.

எல்லோரும் இறங்கினோம். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. ஒருவர் பேப்பரை விரித்து மரத்தடியில் உட்கார்ந்தார். இரண்டு பேர் கிரிக்கெட் பேச்சில் இறங்கிவிட்டார்கள். ஒரு அம்மாள் டிபன் டப்பாவைத் திறந்தார், மாங்காய்ச் சித்ரான்னம். வாசனை வந்ததும் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன் போல. மூடியில் இரண்டு பிடி போட்டு என் கையில் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே நான் மணியைப் பார்த்தேன். அவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னவென்று முரளியைக் கேட்டேன். “வாச்சைப் பார்த்தா பஸ் ஓடாது தாயி, டயர் போட்டாத்தான் ஓடும்னு சொல்றாங்கக்கா.”

எங்கள் ஊரில் ஒரு குளிர்காலத்தில் பஸ் நாலு நிமிடம் தாமதமாக வந்தது. டிரைவர் எங்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். நாங்கள் மூன்று பேர்தான் பயணிகள், அதனால் அதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் யாரும் யாருக்கும் சித்ரான்னம் கொடுக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

பீன்யா போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கண்டிப்பா வரேன். தாலி எத்தனை மணிக்கு?” என்றார்.

“ஒன்பதே கால் சார்” என்றேன் அழுத்தமாக.

“அப்ப நான் பத்துக்கு வந்துடறேன்” என்றார் அதைவிட அழுத்தமாக.

மறுநாள் பெண் வீட்டுக்குப் போனோம், நீலசந்திராவில். பெண்ணின் அப்பா கோதண்டம் அரசு பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு தலைமுறையாக இந்த ஊர். வீட்டுக்குள் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் இறங்கி, ஆங்கிலத்தில் போய் முடியும். அக்கி ரொட்டியும் காரச் சட்னியும் போட்டார்கள். அரிசி மாவில் தட்டுகிற ரொட்டிக்கு இத்தனை ருசி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று சாப்பிட்டேன், நாலாவதை அவர்கள் கேட்காமலே போட்டார்கள்.

பெண் ஷைலஜா அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தாள். மத்தியானம் ஒரு மணி. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இப்படி எழுந்து வருகிறாளே என்று அவள் அம்மா கையைப் பிசைந்தார். அவள் இங்கிலாந்துக்காரர்களின் தொலைபேசிப் புகார்களுக்குப் பதில் சொல்கிற கால் சென்டரில் வேலை செய்தாள்.

“எனக்கு லண்டன் டயம் அண்ணி. தீபாவளிக்கு டியூட்டி, ஈஸ்டருக்கு லீவு” என்றாள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு. “அங்க மழை பெஞ்சா எனக்குத் தெரியும். இங்க பெஞ்சா அம்மா சொன்னாத்தான் தெரியும்.”

நானும் தட்டில் தூங்கி விழுகிற கதையைச் சொன்னேன். ஒரே ஊரில், ஒரே அறையில், ஒருத்தி லண்டன் நேரத்திலும் ஒருத்தி நியூசிலாந்து நேரத்திலும் உட்கார்ந்து ரொட்டி தின்கிறோம் என்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவள் அம்மாவுக்கும் முகம் தெளிந்தது. எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

பிறகு நான் வந்த காரியத்துக்கு வந்தேன். “மாமா, தாலி சரியா ஒன்பதே காலுக்கு.”

“ஆகட்டும்மா. ஸ்வல்ப முன்னே பின்னே ஆனாலும்…”

“ஆகக்கூடாது மாமா” என்று அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து வைத்ததையும் சொன்னேன். கோதண்டம் மாமா உள்ளே போய், போன் நம்பர்கள் எழுதிய நோட்டை எடுத்து வந்தார். பிறகு தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நாதஸ்வரக்காரர், சமையல்காரர், பூக்காரம்மா என்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டார். எல்லோரிடமும், “எட்டரைக்குத் தாலி, எட்டரைக்குத் தாலி” என்றார்.

“எட்டரை இல்லை மாமா, ஒன்பதே கால்” என்று பதறினேன்.

“இன்னாம்மா நீ, அப்படிச் சொன்னாத்தான் ஒன்பதே காலுக்கு நடக்கும். முக்கால் மணியை முதல்லயே கழிச்சுடணும். அதான் இந்த ஊர்க் கணக்கு” என்றார்.

மீதி நாட்களில் நானும் சும்மா இருக்கவில்லை. தையல்காரரை விரட்டினேன், வேன்காரரை விரட்டினேன், வேலூரிலிருந்து வந்து இறங்கிய பெரியம்மாவைக்கூட, குளியலறைக்குள் போனவரை, வெளியிலிருந்து மணி சொல்லி விரட்டினேன். சனிக்கிழமை மாலை வரவேற்பு ஆறரை என்று போட்டிருந்தார்கள். ஆறரைக்கு மண்டபத்தில் நானும் ஐஸ்கிரீம்காரரும்தான் இருந்தோம். எட்டரைக்கு நிற்க இடமில்லை. வந்தவர்கள் வயிறார உண்டு, வாயார வாழ்த்தி, பீடாவும் கையுமாகப் போனார்கள். நான் மட்டும் வாசலில் நின்று, நாளைக் காலையில் சீக்கிரம் வாருங்கள் என்று ஒவ்வொருவரையும் மிரட்டி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அதிசயம் நடந்தது. எட்டே முக்காலுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார், பூ வந்துவிட்டது, புரோகிதர் ஹோமத்தை முக்கால்வாசி முடித்துவிட்டார். ஒன்பது பத்துக்குத் தட்டில் வைத்த தாலி கூட்டத்துக்குள் போய், எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு, மேடைக்குத் திரும்பிவிட்டது. முரளியும் ஷைலஜாவும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்போனைக் கையில் ஏந்தி நான் அவர்கள் பின்னால் நின்றேன். இப்படி ஒரு ஊரை நேரத்துக்கு நடத்திக் காட்டிவிட்டேனே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதே கால் ஆயிற்று. போன் அடிக்கவில்லை.

ஒன்பது இருபது. அடிக்கவில்லை. சிக்னல் இருந்தது. சேகர் ஒரு நிமிடம்கூடப் பிந்துகிற மனிதர் இல்லை, பிந்த நான் விட்டதுமில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? போனை முரளியிடம் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்கு எதிரே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டு எண்ணைப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்டர் வீட்டு எண் என் கைப்பையில் இருந்தது. கைப்பை ஈஜிபுராவில் இருந்தது.

திரும்பி வந்தபோது கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. நேரம், நேரம் என்று ஒரு வாரமாக அவர்களை ஓட ஓட விரட்டியவள் நான். இப்போது காத்திருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? பெரியம்மா என் காதோரம், “நல்ல நேரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுடி. கட்டட்டும், அப்பாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார். நான் தலையை ஆட்டினேன். “கட்டிடு முரளி” என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. முரளி தாலியை எடுக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டிய கல்யாணப் பெண் சட்டென்று தலையைத் திருப்பினாள்.

“அண்ணி, இன்னிக்கு உங்க ஊர்ல கடிகாரம் மாத்தற நாளா?”

மார்ச்சில் இது எத்தனையாவது ஞாயிறு என்று விரல்விட்டு எண்ணினேன்.

எங்கள் ஊரில் கோடைக்காக எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். டிசம்பரில் வருகிற அந்தக் கோடை முடிந்ததும், மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள், நாடே சேர்ந்து அதைப் பின்னால் தள்ளிவிடும். சமையலறை அடுப்பிலிருந்து கார் வரைக்கும் வருடா வருடம் தேடித் தேடி மாற்றுகிறவளே நான்தான். அந்த ஞாயிறு இந்த ஞாயிறு. இந்த வருடம் நான் வீட்டில் இல்லை, சேகர் கடிகாரங்களையெல்லாம் ஒழுங்காக மாற்றியிருப்பார். மனப்பாடம் செய்த நாலே முக்காலை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நேற்று வரை ஏழரையாக இருந்த இடைவெளி இன்று ஆறரை. அவர்களுடைய நாலே முக்கால் நமக்குப் பத்தே காலுக்குத்தான் வரும். இப்போது அங்கே எல்லோரும் டாக்டர் வீட்டில் பாயசம் கிண்டிக்கொண்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள்.

“எங்க லண்டன்காரங்க மாசக் கடைசில மாத்துவாங்க. அன்னிக்கு எங்க வேன் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கும். அதான் கேட்டேன்” என்றாள் ஷைலஜா.

நான் எல்லோர் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். கோதண்டம் மாமா புரோகிதரைப் பார்த்தார்.

“முகூர்த்தம் பத்தரை வரைக்கும் இருக்கில்ல சாமி?”

“இருக்கு. ஆனா பத்தரை தாண்டினா நான் பொறுப்பில்லை. போன் வந்தாலும் வராட்டாலும் பத்து இருபத்தஞ்சுக்குத் தாலி ஏறிடணும்.”

“வேணாம் மாமா” என்றேன். “எனக்காக இத்தனை பேரைக் காக்க வைக்கறது…”

“உனக்காக யாரு காக்கறா?” என்றார் அவர். “நான் பொண்ணைப் பெத்தவன், எதிர்ல உக்காந்து கண்ணாரப் பாக்கறேன். அவரு பையனைப் பெத்தவரு. காதாலயாவது கேக்க வேணாமா?” சொல்லிவிட்டு மைக்கைப் பிடுங்கினார். தமிழிலும் கன்னடத்திலுமாக, மாப்பிள்ளையின் அப்பா நியூசிலாந்திலிருந்து போனில் வரவேண்டும், தாலி பத்தே காலுக்கு என்று அறிவித்து, “எல்லாரும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொளி” என்று, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லி முடித்தார்.

எங்கள் ஊராக இருந்தால் முந்நூறு பேரும் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு, பதினொரு மணிக்கு வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பியிருப்பார்கள். இங்கே ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. “ஒன் அவர்தானே, இர்லி பிடி” என்று ஒரு குரல் வந்தது, அதனாலென்ன, இருக்கட்டும் விடு என்று அர்த்தம். அவ்வளவுதான், மண்டபம் அவிழ்ந்துகொண்டது. இரண்டாவது பந்திக்கு இலை போட்டார்கள். கேசரி வரிசை வரிசையாகப் போயிற்று. நாதஸ்வரக்காரர், காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒரு தோடியை, யாரும் கேட்காமலே எடுத்து விஸ்தாரமாக வாசித்தார். புரோகிதர் இதுவரை சுருக்கிச் சொன்ன மந்திரங்களை முதலிலிருந்து விரித்துச் சொல்ல ஆரம்பித்தார். பத்து மணிக்கு முரளியின் மேனேஜர் உள்ளே நுழைந்து, தட்டில் இருந்த தாலியைப் பார்த்து, “பார்த்தீங்களா, கரெக்டா வந்துட்டேன்” என்று என்னிடம் கையை நீட்டினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குலுக்கினேன்.

ஷைலஜா செல்போனைத் தன் மடியில், கூறைப் புடவையின் மேல் வைத்துக்கொண்டாள். பத்தே கால் ஆனதும் நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னார்கள். மண்டபமே அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தது. பத்துப் பதினேழு. நான் மறுபடியும் தப்பாகக் கணக்குப் போட்டேனோ? கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டேனோ? புரோகிதர் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அடித்தது.

ஷைலஜாவின் மடியிலிருந்து போனை எடுத்தேன். “ஹலோ, சேகர் ரெண்டு தடவை நம்பரைத் தப்பாப் போட்டுட்டார். கட்டிட்டாங்களா?” அப்பாவின் மூச்சு இரைத்தது. “நாங்க லேட்டாம்மா?”

“இல்லப்பா. இதோ, இப்பத்தான்” என்று கத்தினேன். புரோகிதர் விரலை உயர்த்தினார். கெட்டிமேளம் பிளந்துகொண்டு எழுந்தது. போனை மேளத்துக்கும் முரளிக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தேன். மேலே அட்சதை மழை. முந்நூறு பேரும் தங்கள் சொந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் போலக் கையைத் தட்டினார்கள். அந்தக் குல்லாக்காரரைக்கூட அழைத்திருக்கலாமே என்று ஏனோ தோன்றியது. முரளி மூன்றாவது முடிச்சு போட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுவதைப் பற்றி நான் கேள்விப்பட்டதுதான், அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேளம் அடங்கியதும் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் இன்வர்கார்கிலிலும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கேட்டதா அப்பா, நன்றாகக் கேட்டதா என்றேன்.

“கேட்டுதும்மா, எல்லாம் கேட்டுது. சொன்னது நாலே முக்கால், நாலு அம்பதுக்கு மேளம் கொட்டிட்டாங்க! இத்தனை வருஷம் ஜோலார்பேட்டைல நின்னு பார்த்திருக்கேன், பெங்களூர்லேர்ந்து ஒரு வண்டியும் ரைட் டயத்துக்கு வந்ததில்லை. இவங்களைப் போய்ச் சோம்பேறிங்கன்னு நினைச்சேனே. என்ன ஒரு நேர ஒழுங்கு! நீ கத்துக்கணும்மா இவங்ககிட்ட.”

அப்பாவின் குரல் போனைத் தாண்டி மணைவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஷைலஜா மஞ்சள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“நமஸ்காரம் மாமா, நான் ஷைலஜா பேசறேன்” என்றாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, குரல் கொஞ்சமும் பிசகாமல் சொன்னாள். “எங்க ஊர்ல எப்பவும் இப்படித்தான் மாமா.”